சோமிடோத் தீவின் கயிற்றுக்காரர்

சோமிடோ
18.4.1976

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கும் அக்காவுக்கும் அகிலாண்டம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அங்கே பனி விட்டதா, அத்தானுக்கு முதுகுவலி தேவலையா என்று எழுதவும்.

சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டேன் என்று கோபமாக இருப்பீர்கள். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அத்தான் பேச்சை மீறிப் போனவள் என்று எனக்குப் பெயர் வந்திருக்கும். இப்போது சொல்லாமல் போனவள் என்ற பெயர் மட்டும்தான். இரண்டில் இது சின்னது.

சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வந்த சீட்டில் நாலு வரிதான் எழுத முடிந்தது. இப்போது முழுக்கச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்க்கும் சுன்ஜா பெக்கை உங்களுக்குத் தெரியும், பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்தாளே, அந்தக் கொரியப் பெண். இந்தத் தீவு அவளுடைய ஊர். மாசி மாதம் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, தன் ஊர் மேட்டில் ஓர் இந்தியரின் சமாதி இருக்கிறது என்றாள். நாலு வருஷத்துக்கு முன் ஐப்பசிப் புயலில் கப்பல் முழுகி ஒதுங்கியவராம். ஊரில் அவருக்குப் பெயர் கயிற்றுக்காரர். இடுப்பில் கறுப்பாக ஒரு கயிறு கட்டியிருந்தாராம்.

நான் டீயை அப்படியே வைத்துவிட்டேன். அரைஞாண் கட்டுகிறவன் கொரியாவில் ஏது? என்னைக் கட்டிய உங்கள் தம்பியின் கப்பல் போனதும் அந்தப் புயலில்தான். 'காணவில்லை' என்று கப்பல் கம்பெனி அனுப்பிய ஒரு வரிக் கடிதத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு, நாலு வருஷம் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தது போதும் என்று பட்டது. லேபில் மூன்று மாத லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யோசு துறைமுகத்திலிருந்து படகில் நாலு மணி நேரம். மொத்தம் அறுபது வீடு. சுன்ஜாவின் அம்மா வீட்டில் இருக்கிறேன். அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும், ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவள் சுன்ஜாவின் அம்மாதான். அடுப்பில் எரிகிற தீயின் சூடு தரைக்கு அடியில் ஓடுகிறது, படுத்தால் முதுகுக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. அத்தான் முதுகுக்கு இந்தத் தரைதான் மருந்து. பார்லிச் சோறும் சீனிக்கிழங்கும் சாப்பிடுகிறேன். மற்ற எல்லாவற்றிலும் மீன் இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வாரம் ஒருதரம் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, போன வாரம் பார்த்த அதே முகம்தானா என்று என்னையும் பார்க்கிறார்.

சமாதியைப் பார்த்தேன். புல் மூடிய மண்குவியல். சுத்தமாக வைத்திருக்கிறார்கள். கயிறு, உடலை எடுத்த கோ என்ற படகுக்காரரிடம் இருக்கிறதாம். அவர் மீன்பிடிக்கப் போயிருக்கிறார், திரும்பப் பத்து நாளாகும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அகிலாண்டம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட், டொராண்டோ
2.5.1976

சௌபாக்கியவதி அகிலாண்டேஸ்வரிக்கு தட்சிணாமூர்த்தி ஆசீர்வாதம். இவ்விடம் ஈசன் கிருபையால் சுகம். உன் தேக சௌக்கியத்துக்கு அடிக்கடி எழுதவும்.

நீ செய்தது சரி என்று நான் எழுதமாட்டேன். என் வீட்டில் ஆறு வருஷம் இருந்த பெண், மேசையில் ஒரு சீட்டை வைத்துவிட்டு உலகத்தின் அந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்றால் கேட்கிறவன் என்னைத்தான் சிரிப்பான். போகட்டும். போனது போனாய், காரியத்தை ஒழுங்காக முடித்துக்கொண்டு வா.

கயிற்றைப் பார். நம் நெல்லையப்பனுடையது என்றால் உடனே தந்தி அடி. மண்ணில் கிடப்பது நம் வழக்கமில்லை. எலும்பை எடுத்து எரித்து, சாம்பலை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீ நேரே பாளையங்கோட்டைக்கு அம்மாவிடம் போய்விடு. அதற்குமேல் டொராண்டோவில் உனக்கு என்ன இருக்கிறது?

அவன் என் தம்பி. நாலு ஆடி அமாவாசை சும்மா போயிற்று. இருக்கிறான் என்றால் எள் இறைக்கக் கூடாது, இல்லை என்றால் இறைக்காமல் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இந்த வேதனையை உன்னிடம் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

தட்சிணாமூர்த்தி

மடிப்பின் ஓரத்தில் பென்சிலால்: அகிலாண்டம், வெறும் கிழங்கைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஊறுகாய்ப் பொட்டலம் அனுப்பினால் வந்து சேருமா? கயிறு எந்த நூல் என்று பார். - நாகு அக்கா.


சோமிடோ
16.5.1976

அத்தான் அவர்களுக்கும் அக்காவுக்கும் அகிலாண்டத்தின் வணக்கம். நான் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

கோ திரும்பி வந்து கயிற்றைக் காட்டினார். எதில் வைத்திருந்தார் தெரியுமா? உப்பில் ஊறப்போட்ட இறால் வைக்கிற மண் ஜாடியில். சைவப் பிள்ளைமார் வீட்டு அரைஞாண் நாலு வருஷம் இறால் ஜாடியில் குடியிருந்திருக்கிறது. ஜாடியைக் கழுவித்தான் வைத்தாராம், ஆனால் வாசனை கழுவினால் போகிற ஜாதி இல்லை. நான் சிரித்துவிட்டேன். அந்த மனுஷர் பயந்துபோய் இரண்டு கையாலும் ஜாடியை என் பக்கம் தள்ளினார்.

முழுக் கயிறு இல்லை. முடிச்சு இருக்கும் பகுதி மட்டும், ஒரு சாண் நீளம். என்றைக்காவது சொந்தக்காரர் தேடி வந்தால் அடையாளம் வேண்டுமே என்று, புதைக்கும் முன் அறுத்து வைத்தாராம். கறுப்புக் கயிறு. உப்பில் வெளுத்திருக்கிறது. உங்கள் தம்பியுடையதுதானா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

இங்குள்ள பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். கோ சொன்னதை அவர்தான் எனக்குச் சொன்னார், நான் நம் தமிழில் போடுகிறேன். கடலில் பிணத்தைக் கண்டால் இந்த ஊர்ப் படகு விலகிப் போகக் கூடாது. படகை நிறுத்தி அதனிடம் பேச வேண்டுமாம். கோ பேசியிருக்கிறார். "வாங்கய்யா, குளுரும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்ல மீனாப் பாத்து அனுப்பிவையுங்க" என்று சொல்லி ஏற்றியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் வலை காலியாக வந்ததே இல்லையாம். வருஷாவருஷம் ஆவணிப் பௌர்ணமிப் பண்டிகைக்கு முன்னால் அவர் கையாலேயே சமாதிப் புல்லை வெட்டிச் சோறு வைக்கிறார். அது யாராக இருந்தாலும், கொடுத்துவைத்தவர்தான்.

எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். எலும்பு, எரிப்பு, ராமேஸ்வரம் என்று இப்போது யாரும் பேச வேண்டாம். டொராண்டோவில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் மைக்ராஸ்கோப் இருக்கிறது, அத்தான்.

அகிலாண்டம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட்
30.5.1976

சௌபாக்கியவதி அகிலாண்டேஸ்வரிக்கு தட்சிணாமூர்த்தி ஆசீர்வாதம். இங்கு யாவரும் சுகம். வெயில் வந்துவிட்டது. நாகு பால்கனியில் மல்லி விதைத்திருக்கிறாள்.

சொல்ல முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆமாம் என்று சொல், இல்லை என்று சொல். எத்தனை இழை, எந்தப் பக்கம் முறுக்கு, முடிச்சு எப்படி என்று படம் வரைந்து அனுப்பு. நான் வரைபடம் போட்டுச் சாப்பிடுகிறவன், பார்த்துச் சொல்கிறேன். அது அவன்தான் என்றால் இந்த ஆடி அமாவாசையை விடக் கூடாது. அம்மாவுக்கு எழுபத்துநாலு. அவளுக்கும் ஒரு முடிவு வேண்டாமா?

மைக்ராஸ்கோப்பைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி

மடிப்பின் ஓரத்தில்: நான் கேட்டதற்குப் பதில் இல்லையே. எந்த நூல்? - நாகு.


சோமிடோ
24.6.1976

அத்தானுக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் சுகம். கை மட்டும் கொஞ்சம் பொத்துப்போயிருக்கிறது.

நெத்திலிக் காலம் ஆரம்பித்துவிட்டது. படகு வந்ததும் கரையிலேயே அண்டாவில் உப்புநீர் கொதிக்கும். மீனை ஒரு கொதி விட்டு அள்ளிப் பாயில் பரப்ப வேண்டும். மேகம் கறுத்தால் அறுபது வீட்டுப் பெண்களும் ஓடிவந்து பாயைச் சுருட்டுவார்கள். முதல் நாள் வேடிக்கை பார்த்தேன், இரண்டாம் நாள் சுன்ஜாவின் அம்மா என் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிறவளாக இங்கே யாரும் இல்லை.

விடிந்ததும் ஒலிபெருக்கியில் சர்க்கார் பாட்டு வைத்து ஊரை எழுப்புகிறார்கள். கூரை வேய்ந்த வீட்டுக்கெல்லாம் ஓடு மாற்றச் சொல்லி உத்தரவாம். சுன்ஜாவின் அம்மா மாற்றமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். "மழை எம் பேச்சையும் கேக்காது, அவனுக பேச்சையும் கேக்காது. கூரை ஒழுகுனா நான் பாத்துக்கிடுதேன்" என்று ஆபீசரிடம் சொன்னாளாம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.

மீன் சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டேன். ஒருநாள் கடற்பாசிக் குழம்பைக் குடித்து முடித்தபிறகுதான் அது நெத்திலித் தண்ணீரில் வைத்தது என்று தெரிந்தது. அடுத்த நாள் தெரிந்தே குடித்தேன். அத்தான் தலையில் கை வைத்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

சுன்ஜாவின் அம்மாவுக்குப் புருஷன் இல்லை. கடலில் போனவர்தான், பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் ஆறு வீட்டுக்கு ஒரு வீடு இப்படி. ஆனால் யார் என்று தெரியாமல் நான் இரண்டு மாதம் இருந்தேன். பார்த்தால் தெரியாது. சட்டை நிறத்தில் இல்லை, உட்காருகிற இடத்தில் இல்லை, கல்யாண வீட்டில் இல்லை. நேற்று ஒரு கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குத் தலை சீவிவிட்டவள் அவள்தான்.

தினமும் சாயங்காலம் மேட்டுக்குப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என்னை ஊரில் 'கயிற்றுக்காரர் வீட்டம்மா' என்கிறார்கள். அவர் யார் என்றே இன்னும் முடிவாகவில்லை என்று வாத்தியாரிடம் சொல்லிப்பார்த்தேன். அவர்களாக முடிவுசெய்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. லீவை நீட்டிக்கச் சொல்லி லேபுக்கு எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு: உங்கள் கேள்வியைப் படித்தேன்.

அகிலாண்டம்


சிவமயம்

வெக்ஸ்போர்ட்
10.7.1976

அகிலாண்டேஸ்வரிக்கு தட்சிணாமூர்த்தி எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகம்.

படம் வரைந்து அனுப்பச் சொன்னேன், மீன் சாப்பிட்ட கதையை எழுதியிருக்கிறாய். இரண்டு மாதமாகச் சொல்ல முடியவில்லை என்கிறாய். சொல்ல முடியாதவளுக்காக நான் சொல்கிறேன். அரைஞாண் கட்டிய உடம்பு, அதே புயல், அதே கடல். அது என் தம்பிதான். கூடப்பிறந்தவனுக்கு இவ்வளவு போதும்.

ஜூலை 26 ஆடி அமாவாசை. அன்று இங்கே காரியம் செய்கிறேன். இங்கே குருக்கள் இல்லை. ரெக்ஸ்டேலில் இருக்கும் அருளம்பலம் அண்ணையை வரச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், தேவாரம் தெரிந்தவர், முறை தெரிந்தவர். பாளையங்கோட்டைக்கும் எழுதிவிட்டேன்.

நீயும் அன்று அங்கே தலைமுழுகி, செய்துகொள்ள வேண்டியதைச் செய்துகொள். அதை விளக்கமாக எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கே தெரியும். அதன் பிறகு அம்மாவோடு இருப்பதுதான் முறை. லேபுக்கு நீ வரப்போவதில்லை என்று நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

தட்சிணாமூர்த்தி


யோசு தபால் நிலையம்
22.7.1976

அத்தான் அவர்களுக்கு.

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தீவில் தந்தி கிடையாது. இன்று முதல் படகைப் பிடித்து நாலு மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டே இங்கே வந்து, 'செய்யாதீர்கள்' என்று தந்தி அடித்திருக்கிறேன். தந்தியில் ஒரு வார்த்தைக்குமேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. மீதியை இங்கேயே நின்றுகொண்டு எழுதுகிறேன்.

சௌபாக்கியவதி எங்கே போயிற்று, அத்தான்?

பத்து வருஷமாக என் பெயருக்கு முன்னால் அதை எழுதி வந்தீர்கள். கப்பல் காணாமல் போன பிறகும் எழுதினீர்கள். மே மாதம் எழுதினீர்கள். ஜூலையில் எடுத்துவிட்டீர்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெக்ஸ்போர்டில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, பேனாவால் ஒரு வார்த்தையைக் குறைத்து என்னைத் தாலியறுத்தவளாக்கிவிட்டீர்கள். செய்துகொள்ள வேண்டியதைச் செய்துகொள் என்று எழுதக் கை வரவில்லை என்றீர்கள். எழுதக் கை வராத காரியத்தை நான் மட்டும் என் கையால் செய்துகொள்ள வேண்டுமா?

நீங்கள் நல்லவர். நாலு வருஷம் என் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் கும்பிடுவேன். ஆனால் உங்களுக்குத் தம்பி என்றால் எனக்குப் புருஷன். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதை எனக்கு முன்னால் யாரும் சொல்லக் கூடாது. நீங்களும் கூடாது, அத்தையும் கூடாது, அமாவாசையும் கூடாது.

லேபுக்குப் போன் செய்தீர்களானால், நானும் போன் செய்து அது பொய் என்று சொல்வேன்.

அகிலாண்டேஸ்வரி


வெக்ஸ்போர்ட்
1.8.1976

அன்புள்ள அகிலாண்டத்துக்கு நாகு அக்கா எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். மல்லி முளைத்துவிட்டது. உன் கை ஆறிவிட்டதா?

ஓரத்தில் எழுதியே பழகிவிட்டேன், முழுத் தாளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் தந்தி 24ஆம் தேதி வந்தது. அத்தான் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். 26ஆம் தேதி அருளம்பலம் அண்ணை தர்ப்பையும் எள்ளுமாக வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுச் சம்பந்தம் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். எல்லாம் எடுத்துவைத்த பிறகு அண்ணை கேட்டார்: "தம்பி, உங்கட தம்பியின்ர மனிசி என்ன சொல்லுறா?"

அத்தான் தரையைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் நான் அவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது கிடையாது. அன்றைக்குப் பேசினேன். "தந்தி வந்திருக்கு அண்ணை. செய்யாதீங்கன்னு அவ சொல்லியிருக்கா. அவுக சட்டைப்பையிலதான் இருக்கு."

அண்ணை தர்ப்பையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இதை நான் செய்யமாட்டன், தம்பி. அந்தப் பிள்ளை ஓமெண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு நடுச்சாமத்திலை கூப்பிட்டாலும் வாறன்" என்றார். வடை பாயசத்தைக்கூடத் தொடவில்லை.

அத்தான் எள்ளுக் கிண்ணத்தோடு பால்கனியில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. லேபுக்குப் போன் செய்யவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது, இரண்டு தரம் படித்தார்கள். அவர்களை வெறுத்துவிடாதே. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள், வேறு எப்படி அழுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கொழுந்தனாரின் கப்பல் மாண்ட்ரியலுக்கு வந்தபோது, எழுபத்தொன்று வைகாசியில், நீ பஸ் ஏறிப் போனாயே. அரைஞாண் இற்றுப்போச்சு என்று போனில் சொன்னார்கள் என்று, இந்த ஊரில் அரைஞாணுக்கு எங்கே போவது என்று, என் பின்னல் கூடையிலிருந்து கறுப்புக் கம்பளி நூலை எடுத்து மூன்றாய்த் திரித்துக்கொண்டு போனாய். நான்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எந்த நூல் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பருத்தி என்று நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அது வேறு யாரோ. நீ எழுதவில்லை.

மீதி நூல்கண்டு கூடையில் இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தானிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ. உனக்கு எப்போது வாய் வருகிறதோ அப்போது சொல்.

உன் நாகு அக்கா


சோமிடோ
10.9.1976

அத்தான் அவர்களுக்கும் நாகு அக்காவுக்கும் அகிலாண்டம் வணக்கம். நான் சுகம். ஐந்து மாதத்தில் இன்றைக்குத்தான் இதை உண்மையாக எழுதுகிறேன். நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

அது அவர்கள்தான்.

ஜாடியைத் திறந்த அந்த நிமிஷமே தெரியும். கம்பளி நூல், மூன்று இழை, நான் திரித்தது. முறுக்கு ஓரிடத்தில் தளர்ந்திருக்கும். அக்கா சிரித்துக்கொண்டே பிடியை விட்ட இடம் அது. தெரிந்தேதான் சொல்ல முடியவில்லை என்று எழுதினேன். அத்தானிடம் பொய் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அதே இடத்தில் மறுபடி நின்றால் மறுபடியும் அதைத்தான் செய்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஆமாம் என்று மே மாதம் எழுதியிருந்தால், பதினாறே நாளில் அவர்களை முடித்திருப்பீர்கள். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பியிருப்பீர்கள். எதைக் கட்ட வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று. எனக்கு அவர்களோடு இருக்கக் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மொத்தம் பதினாலு மாதம். இந்தத் தீவில் ஐந்து மாதம் இருந்தேன். அந்த நாட்களை நான் திட்டமிட்டே எடுத்துக்கொண்டேன். யாருடையதையும் எடுக்கவில்லை.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் ஊர் ஆண்கள் அரிவாளோடு மேட்டுக்குப் புல் வெட்டக் கிளம்பினார்கள். பெண்கள் போவதில்லை. நம் ஊரிலும் நம்மை அந்த இடத்துக்கு விடுவதில்லை. நான் கோவிடம் போய் அரிவாளுக்குக் கை நீட்டினேன். "பொம்பளைக புல்லு வெட்டுத வழக்கம் இல்லையே" என்றார். சுன்ஜாவின் அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அவ புருஷன் மேல மொளைச்ச புல்லு. அவ வெட்டாம நீரா வெட்டுவீரு? குடும்" என்று சத்தம் போட்டாள். கொடுத்துவிட்டார். உள்ளங்கை கிழிய ஒரு காலைப்பொழுது முழுக்க வெட்டினேன். கோ பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டியதைக் கூட்டி அள்ளினார். பண்டிகையன்று பச்சரிசி பொங்கி வைத்தேன். வாத்தியார் ஒரு பலகையில் பெயர் எழுத வேண்டும், என்ன பெயர் என்று கேட்டார். பத்து வருஷத்தில் நான் வாயால் சொல்லாத பெயர். சத்தமாகச் சொன்னேன். நெல்லையப்பன். மூன்று தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

எலும்பை எடுக்கப் போவதில்லை. எடுத்துப்போவதானால் எடுத்துப்போ என்றுதான் கோ சொன்னார், வேண்டாம் என்றது நான். முறை, முறை என்று எழுதினீர்களே, யோசித்துப் பாருங்கள். நம்மில் ஒருவர் போனால் அரைஞாணை அறுத்துவிட்டுத்தானே வழியனுப்புகிறோம். அடையாளத்துக்காக என்று நினைத்துக்கொண்டு, நம் முறை என்னவென்றே தெரியாமல், ஒரு செம்படவர் மீன் கத்தியால் அதைச் செய்திருக்கிறார். 'குளிரும் வாங்க' என்று கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, அரைஞாண் அறுத்து, மண்ணில் வைத்து, நாலு வருஷம் சோறு போட்டிருக்கிறார். உங்கள் தம்பிக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. நடுவில் நிற்கிறேன் என்றீர்கள். இனி நிற்க வேண்டாம், அத்தான். அடுத்த அமாவாசைக்கு அருளம்பலம் அண்ணையைக் கூப்பிடுங்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு, மனதார அழுங்கள்.

அத்தைக்கு நானே தனியாக எழுதியிருக்கிறேன். பாளையங்கோட்டைக்குப் போய் இருக்கப் போவதில்லை என்பதும் அதில் இருக்கிறது.

அக்டோபர் நாலாம் தேதி லேபில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் டொராண்டோவில் இறங்குகிறேன். சுன்ஜா தன் வீட்டில் எனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் என் அறை இன்னும் இருக்கிறதென்றால் அங்கே வருவேன். இதே பொட்டோடும் பூவோடும்தான் வருவேன், பார்க்க முடியும் என்றால் விமான நிலையத்துக்கு வாருங்கள். முடியாதென்றால் சங்கடப்பட வேண்டாம், எனக்குப் பஸ் தெரியும். அக்கா, மீதி நூல்கண்டு எனக்கு வேண்டும். எடுத்து வையுங்கள்.

இனிக் கடிதம் எழுதினால் என் பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்று நீங்கள் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கும். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம். பதினாலு மாதம் நான் வாழ்ந்தது பாக்கியம். அவர்கள் போனதால் அது நடக்காததாகிவிடாது. அது எனக்கு இருந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் நான். பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையைப் பெரியவர்கள்தான் போட வேண்டும், ஒருத்தி தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை என்று தெரியும்.

இப்படிக்கு,
சௌபாக்கியவதி அகிலாண்டேஸ்வரி நெல்லையப்பன்